இரவல் கசிவு

அத்தியாயம் 11

மேஸ்திரியின் நெஞ்சு நோய்க்கு அந்த வீட்டில் ஒரு வயது முடிந்திருந்தது. பெற்ற பிள்ளைக்குக்கூட அங்கே யாரும் இத்தனை செல்லம் கொடுத்ததில்லை.

காற்று வருகிற ஜன்னலோரக் கட்டில் நோய்க்கு. காலையில் முதலில் காய்ச்சுகிற பால் நோய்க்கு. இரண்டு முட்டை, மின்விசிறிக்கு நேர் கீழே இடம், குரலைத் தாழ்த்திப் பேசுகிற ஜனங்கள், எல்லாம் நோய்க்கு. போன வாரம் பாலில் ஆடை மிதந்தது என்று அவர் விட்டெறிந்த டம்ளர் இன்னும் நசுங்கியபடி அடுக்களையில் கிடந்தது. "வால்வு ஒழுகறவனுக்கு ஆடையோடவா பால் குடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் எறிந்தார். டம்ளர் கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, பின்சுவரில் போய் விழுந்தது. வால்வு ஒழுகுகிறவன் எறிகிற தூரமா அது என்று தம்பி மனைவி அன்றைக்கே மனதுக்குள் அளந்து பார்த்தாள். அளப்பது அவள் தொழில்.

ஆஸ்பத்திரியில் எக்கோ எடுக்கிறவள் அவள். நெஞ்சில் ஜெல்லைத் தடவி, கைக்கு அடக்கமான கருவியை விலா இடுக்கில் அழுத்தி, உள்ளே இதயம் அடிப்பதைத் திரையில் பார்த்து அளந்து எழுதுகிற வேலை. பத்து வருடத்தில் வலது தோள்பட்டை தேய்ந்துபோயிருந்தது. வீட்டில் அவளுக்கு ஜெல்லுக்காரி என்று பெயர். வைத்தவர் மேஸ்திரி.

"இருட்டு ரூம்ல ஏசியப் போட்டுக்கிட்டு அடுத்தவன் மாருல ஜெல்லு தடவறது ஒரு உழைப்பா? உழைப்புன்னா என்னன்னு எங்கிட்டக் கேளு."

இதைச் சொல்கிறவர் ஒரு வருடமாக மூட்டையைத் தொட்டதில்லை.

சரக்குக் கிட்டங்கியில் நாற்பத்தைந்து வயது தாண்டிய சுமையாட்கள் எல்லோருக்கும் இதயப் படம் எடுக்க வேண்டும் என்று போன வருடம் நிர்வாகம் சொன்னது. சுமையாட்களை மேய்த்துக்கொண்டு தாமும் சுமந்த மேஸ்திரியின் பெயரில் ரிப்போர்ட் வந்தது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கிற வால்வு சரியாக மூடவில்லை, நடுத்தரக் கசிவு, கனம் தூக்கக் கூடாது, வருடம் ஒரு முறை படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நிர்வாகம் அவரை மூட்டையிலிருந்து விடுவித்து, வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தது. வருகிற லாரியின் நம்பரை எழுதுகிற வேலை.

அந்த நாற்காலியில் அதுவரை உட்கார்ந்திருந்தவன் அவருடைய தம்பி. வீட்டிலும் கிட்டங்கியிலும் அவன் சின்னவன். மூட்டைக்கு ஒரு முதுகு குறைந்ததால், நாற்காலியை விட்டு எழுந்தவனின் முதுகை அங்கே அனுப்பினார்கள். நோஞ்சான் முதுகு. அதன்மேல் ஐம்பது கிலோ மூட்டை, ஒரு நாளைக்கு இருநூறு தடவை.

ஆக, ஒரு வருடமாக அண்ணனுக்கு மூச்சு வாங்கியது, தம்பி சுமந்தான்.

இன்றைக்கு வருடம் முடிந்து மறுபடி படம் எடுக்கிற நாள். இந்த முறை நிர்வாகம் இடத்தை மாற்றி, அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே எல்லோரையும் அனுப்பிவிட்டது. மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை.

"நீ எடுக்க மாட்டியே?" என்று காலையிலேயே கேட்டுவைத்தார்.

"ஆம்பளைங்களுக்கு ஆம்பளைதான் எடுப்பாரு மாமா."

"அதானே. தம்பி பொண்டாட்டி முன்னாடி சட்டையக் கழட்டிப் படுக்கற அளவுக்கு நாங்க கெட்டுப் போயிடல."

அவள் முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். பின்னாலேயே ஊர்வலம் வந்தது. நடுவில் மேஸ்திரி, எண்பத்தாறு கிலோ எடையில் பாதியைத் தம்பியின் தோளில் சாய்த்துக்கொண்டு. பின்னால் அவர் மனைவி, பால் ஃபிளாஸ்க்கோடு. அவர் நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். அவர் நின்றபோதெல்லாம் தம்பியும் நின்றான். அவனுக்கும் நிற்க வேண்டியிருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

படம் எடுக்கிற ஆண் ஊழியருக்குக் காய்ச்சல், வரவில்லை. பத்து மணிக்குச் சீட்டை எடுத்துக்கொண்டு அவளே கதவைத் திறந்து மேஸ்திரியின் பெயரைக் கூப்பிட்டாள்.

பெஞ்சிலிருந்து எழுந்தவன் சின்னவன்.

சட்டையின் மேல் பொத்தான் இரண்டை ஏற்கெனவே கழற்றியிருந்தான். கதவில் மனைவியைப் பார்த்ததும் பழையபடி உட்கார்ந்து பொத்தானைப் போட்டுக்கொண்டான். மேஸ்திரி அவனை ஒரு முறை முறைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் தாமே எழுந்து வந்தார்.

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க மாமா."

"மல்லாக்கத்தானே படுக்கணும்?"

"போன வருசம் மல்லாக்கப் போட்டா எடுத்தாங்க?"

"பின்ன?"

நெஞ்சில் மூன்று ஒட்டுகளை ஒட்டி ஒயரை மாட்டினாள்.

"இவ்வளவுதானா? அங்க பத்துப் பதினஞ்சு ஒயரு ஒட்டுனாங்க. பெரிய இடம்."

எக்கோவுக்கு மூன்றுதான் ஒட்டுவார்கள், எங்கேயும். ஜெல்லைத் தடவிக் கருவியை விலா இடுக்கில் வைத்தாள்.

திரையில் மேஸ்திரியின் இதயம் வந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கருவியை ஒரு கால் சுற்றுத் திருப்பி, வால்வை நேருக்கு நேராகப் பிடித்தாள். மூன்று இதழ்கள். மூடினால் மூன்று கோடுகள் நடுவில் வந்து சேர்ந்தன, திறந்தால் சுத்தமான முக்கோணம். வண்ணத்தைப் போட்டாள். வால்வு மூடியிருக்கிற நேரத்தில் ரத்தம் திரும்பி வந்தால், வாஷர் போன குழாயில் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி நிறம் நிறமாகப் பின்னால் அடிக்கும். இங்கே ஒரு சொட்டு இல்லை. கோணத்தை மாற்றினாள். விலாவுக்குக் கீழே வயிற்றிலிருந்து பார்த்தாள். தொண்டைக்குழியில் வைத்துப் பார்த்தாள்.

"ரொம்ப மோசமா?" மேஸ்திரி சாகக் கிடக்கிறவர் குரலில் கேட்டார்.

"மூச்ச வெளிய விட்டு அப்படியே பிடிங்க."

"பிடிக்க முடியலையேம்மா. பிடிச்சா நெஞ்சு சுரீர்னு இழுக்குது, தோள்பட்டைக்கு வருது, அங்கேருந்து பொடனிக்கு ஏறுது, ராத்திரியானா இந்தக் காலு மரத்துப் போயிடுது, உங்க அக்காதான் பிடிச்சு விடறா, அவளும் எத்தனை நாளைக்குத்தான் பிடிப்பா."

இத்தனையையும் ஒரே மூச்சில் சொன்னார்.

ஒழுகுகிற வால்வு தானாக மூடிக்கொள்வதில்லை. மாத்திரை அதைத் தைத்துவிடுவதும் இல்லை. அவர் பையிலிருந்த பழைய சிடியை எடுத்து இயந்திரத்தில் போட்டாள். ரிப்போர்ட்டையும் சிடியையும் இந்த ஒரு வருடமாக அவர் தகரப் பெட்டிக்குள் பூட்டிவைத்திருந்தார்; கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகம் சொன்னதால்தான் இன்றைக்கு வெளியே வந்தன. அவள் பார்க்கக் கேட்டபோதெல்லாம், "நீ என்ன டாக்டருக்குப் படிச்சியா?" என்பதுதான் பதில்.

திரையின் இடது பாதியில் போன வருடத்து இதயம், வலது பாதியில் இன்றைய இதயம்.

இடது பக்கத்து வால்வுக்கு இரண்டே இதழ்கள். மீன் வாய் திறப்பதுபோல் குறுக்காகத் திறந்து மூடியது. மூடியும் மூடாமல், ஓரமாக ஒரு நீலமும் மஞ்சளும் கலந்த பீச்சல். சிலருக்குப் பிறவியிலேயே வால்வு இப்படி இரண்டு இதழோடு அமைந்துவிடும். ஆனால் இரண்டு இதழ் ஒரு வருடத்தில் மூன்றாக முளைக்காது.

ஆள் வேறு.

ரிப்போர்ட்டைப் பிரித்தாள். மேலேயே இருந்தது. உயரம் இத்தனை, எடை ஐம்பத்திநான்கு கிலோ. நிர்வாகம் அந்த வரியைப் படிக்கவில்லை. நிர்வாகத்தின் டாக்டர் படிக்கவில்லை. எல்லோரும் அடிவரியை மட்டும் படித்து, ஒரு எருமை கனமுள்ள மனிதனை நாற்காலியில் உட்காரவைத்துப் பூப்போல விசிறிக்கொண்டிருந்தார்கள்.

ஐம்பத்திநான்கு கிலோ. யார் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டதும் பொத்தானைக் கழற்றிக்கொண்டு எழுந்தவன்தான்.

கருவியை அதன் தாங்கியில் மாட்டினாள். தன் மேலேயே ஒரு அருவருப்பு வந்தது. அவன் கழுத்து நரம்பு தாடைக்குக் கீழே துடிதுடிப்பதை எத்தனை நாள் பார்த்திருக்கிறாள். தலையணையில் படுத்திருக்கும்போது ஒவ்வொரு துடிப்புக்கும் அவன் தலை லேசாக ஆமாம் போடும். "மனுசனா, பம்பு செட்டா நீங்க?" என்று சிரித்திருக்கிறாள். அதே ஆட்டத்தை முன்பின் தெரியாத நோயாளியிடம் பார்த்தால், கட்டிலில் ஏறும் முன்பே கசிவு என்று சொல்லிவிடுவாள். பத்து வருட அனுபவம். சொந்தக் கட்டிலில் அது அசதி என்று தோன்றியிருக்கிறது.

"மாமா, போன வருசம் ஜெல்லு சூடா இருந்துதா, சில்லுனு இருந்துதா?"

"அதெல்லாம் யாருக்கு ஞாபகம்?"

"உங்க எடை எவ்வளவு?"

"எம்பத்தாறு." அதில் மட்டும் ஒரு பெருமை. "நோயில விழறதுக்கு முன்னாடி எம்பது."

"இதுல ஐம்பத்திநாலுன்னு போட்டிருக்கு."

மேஸ்திரி விட்டத்தைப் பார்த்தார். "மிசினு தப்பாக் காட்டியிருக்கும்."

"எந்த மிசினு? எடை பாக்கறதா, இதயம் பாக்கறதா?"

அவர் எழுந்து உட்கார்ந்து, பேப்பரால் ஜெல்லைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. அவன்தான் போனான். அதுக்கென்ன இப்ப? ஊசி போட்டு மயக்கி உள்ள டியூப் விடறாங்கன்னு சொன்னானுங்க. வேலை கிடக்கற நேரத்துல நான் போய்ப் படுத்துக்க முடியுமா?"

"பயம்னு சொல்லுங்க."

"யாருக்குப் பயம்? கிட்டங்கில ஆளோட அட்டை வந்துட்டா ஆளே வந்த மாதிரி. காலங்காலமா அப்படித்தான். எனக்கு அவன் நிப்பான், அவனுக்கு நான் நிப்பேன்."

"நீங்க எப்ப நின்னீங்க?"

மேஸ்திரி சட்டையைத் தேடினார்.

"அப்ப கசிவு உங்களுக்கு இல்லன்னு உங்களுக்குத் தெரியும்."

"யாரு சொன்னா?" மேஸ்திரிக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "ரிப்போர்ட்டு யார் பேர்ல வந்துது? என் பேர்ல. மாத்திரை யார் சாப்பிடறா? நான் சாப்பிடறேன். சாப்பிட்டா தலை சுத்துது. எந்திரிச்சா கண்ணு இருட்டுது. இதெல்லாம் என்ன, நடிப்பா?"

ரத்த அழுத்தத்தைக் குறைக்கிற மாத்திரை. நல்ல அழுத்தம் உள்ளவன் தின்றால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். மனுசன் புளுகவில்லை. நம்பிவிட்டிருந்தார். புளுகனாக இருந்தாலாவது ஒரு மரியாதை வைக்கலாம், புளுகனுக்கு நிஜம் எது என்பது தெரியும். இவர் தம்பியின் நாற்காலியை எடுத்துக்கொண்டதுபோலவே தம்பியின் நோயையும் எடுத்துப் போர்த்திக்கொண்டு, அது தம்முடையது என்று சத்தியமாக நம்பி, ஒரு வருடம் பால் குடித்திருக்கிறார்.

அவள் கதவைத் திறந்தாள். "ரெண்டு பேரும் உள்ள வாங்க."

ஓரகத்தி ஃபிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பின்னால் சின்னவன், அண்ணனின் செருப்பைக் கையில் வைத்திருந்தான்.

"போன வருசம் மாமாவுக்குப் பதிலா நீங்க போய்ப் படுத்தீங்களா?"

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் போகச் சொன்னாரு, போனேன். பத்து நிமிசம்தான். ரூம்பு இருட்டா, குளுகுளுன்னு இருந்துதா, தூங்கிட்டேன்."

"ரிப்போர்ட்ல என்ன வந்துதுன்னு கேக்கலையா?"

"வந்துதே. அண்ணனுக்கு நெஞ்சுல கசிவுன்னு வீட்டுல எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன்."

"படுத்தது யாரு? நெஞ்சு யாருது?"

"அண்ணன் பேருக்குத்தானே எடுத்தாங்க?"

எட்டு வருடமாக அவனை நீங்க, வாங்க என்று பேசிக்கொண்டிருந்தவள் அந்த இடத்தில் தடுமாறினாள்.

"நீ மனுசன்தானா?" என்றாள்.

சின்னவன் செருப்பைக் கீழே வைத்தான். எதற்கு வைதாள் என்பது இன்னும் அவனுக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஓரகத்திக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் படித்தவள் இல்லை, ஆனால் ஒரு வருடம் கால் பிடித்துவிட்டவள்.

"அப்ப இவருக்கு ஒண்ணுமே இல்லையா தங்கச்சி?"

"ஒரு குறையும் இல்ல அக்கா. பொறந்த குழந்தை வால்வு மாதிரி இருக்கு."

ஓரகத்தி ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகினாள். மூடியிலேயே பாலை ஊற்றினாள். மேஸ்திரி பழக்கதோஷத்தில் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தாண்டிச் சின்னவனிடம் கொடுத்தாள்.

"குடி தம்பி. உனக்கு வந்த பாலுதான். ஒரு வருசமா விலாசம் மாறிப் போயிட்டிருந்துது."

"ஏய்," என்றார் மேஸ்திரி.

"கத்தாதீங்க. நல்ல நெஞ்சு, கெட்டுடப் போவுது."

மேஸ்திரி கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து லாரியை ஒரே நேரத்தில் இறக்குவதற்கு ஆளைப் பிரித்துப் போட்டவர். மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"இப்ப என்ன கெட்டுப் போச்சு? எதுக்கு எல்லாரும் எழவு வீட்டுல நிக்கற மாதிரி நிக்கறீங்க? நான் படுத்தத யாரும் பாக்கல. அத அழிச்சுடு. வழக்கம் போல இவனப் படுக்க வை, என் பேர்ல எடு. ரிப்போர்ட்டு போன வருசம் மாதிரியே வரும். நாற்காலி நாற்காலியா இருக்கும்."

"அவரு?"

"அவனுக்கென்ன? இள வயசு. ஒரு வருசம் தூக்கிட்டான்ல, என்ன ஆயிடுச்சு? ஏதாவது ஆகறதா இருந்தா இத்தனை நாளு விட்டு வச்சிருக்குமா?"

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெல்லுக்காரி புருஷனைப் பார்த்தாள். இப்போதாவது. ஒரு வார்த்தை.

சின்னவன் உதட்டிலிருந்த பாலைப் புறங்கையால் துடைத்தான். "எடுத்துடேன்," என்றான் மெதுவாக. "போனா போவுது. அண்ணன்தானே."

அடித்துப் பிடுங்குகிறவனைப் பார்த்தால் அவளுக்கு ஆத்திரம் வரும், அவ்வளவுதான். கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற இவனைப் பார்க்கத்தான் கூசியது. இந்த ஆளோடு எட்டு வருடம். அண்ணன் சொன்னார் என்று இவன் நோயையே இரவல் கொடுப்பான், நாளைக்கு அண்ணன் சொன்னார் என்று செத்தும் காட்டுவான். அதற்கும் அண்ணன் பெயரில்தான் சீட்டு வாங்குவார்கள்.

அவள் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

புதிதாக யாருக்குப் படம் எடுப்பதானாலும் அந்த இயந்திரம் முதலில் பெயரைக் கேட்கும். பெயர் போடாமல் அடுத்த பக்கம் வராது. வெற்றுக் கட்டத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

அவள் தன் புருஷனின் பெயரை அடித்தாள். வயது, முப்பத்தெட்டு.

"எடை மேடைல ஏறு."

ஏறினான். ஐம்பத்தொன்று. மூட்டை மூன்று கிலோ தின்றிருந்தது.

"மாமா, நீங்க வெளிய இருங்க."

"நான் ஏன் வெளிய போகணும்?"

"நோயாளி இவரு. நீங்க துணைக்கு வந்தவரு."

மேஸ்திரி வாசல்படி வரைக்கும் போனார். கதவை மூடவில்லை. அங்கேயே நின்றுகொண்டார்.

சின்னவன் சொல்லாமலே இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தான். போன வருடம் படுத்த பழக்கம். தோளிலும் முதுகிலும் சாக்கின் நார் உராய்ந்து உராய்ந்து தோல் கறுத்துக் காய்த்திருந்தது. அவள் கருவியை வைத்தாள்.

பத்து வருடத்தில் எத்தனையோ ஆயிரம் இதயம். இது ஒன்றைத்தான் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறாள். மீன் வாய் திறந்தது, மூடியது, மூடவில்லை. வண்ணத்தைப் போட்டதும் பீச்சல் திரையை நிறைத்தது. போன வருடம் ஓரமாக ஒழுகிய நூல், இப்போது விரல் பருமனுக்கு வந்திருந்தது. வெளியே தள்ளிய ரத்தத்தில் பாதி, தள்ளிய வாசல் வழியாகவே திரும்பி வந்தது. வந்ததையும் சேர்த்து மறுபடி தள்ளி, அதுவும் திரும்பி, அந்த அறை தளர்ந்து அகண்டுபோயிருந்தது.

சுருங்கி நிற்கிற நொடியில் படத்தை நிறுத்தினாள். சுவரிலிருந்து சுவருக்குப் புள்ளி வைத்தாள். நாற்பத்தெட்டு மில்லிமீட்டர். மறுபடி வைத்தாள். நாற்பத்தெட்டு. ஐம்பது தாண்டினால் கத்தி என்பது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தன் கையை அவள் நம்பவில்லை. போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் நின்றபடியே படம் பார்க்கிறவர். உட்கார்ந்தால் பொறுப்பு வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறாரோ என்னவோ.

"என்ன வேலை பாக்கறாரு?"

"லோடு தூக்கறாரு சார்."

"அப்ப இதயம் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். உழைக்கற இதயம்." அவர் பாராட்டுவதுபோல் தலையசைத்தார். மூட்டை தூக்காதவர்கள் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுக்கிற பதக்கம் அது. கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

"கீழ போற பெரிய குழாயப் பாருங்க சார்," என்றாள். கருவியைத் தொண்டைக்குழியில் வைத்தாள். "காலுக்குப் போன ரத்தம் திரும்பி மேல வருது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவுல முழுக்க வந்துக்கிட்டே இருக்கு. உழைச்சா இப்படி வராதே சார்."

டாக்டர் திரையை நோக்கிக் குனிந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவரே புள்ளி வைத்தார். நாற்பத்தெட்டு.

"கடுமையான கசிவுதான்," என்றார். "படி ஏறினா மூச்சு வாங்குதாப்பா?"

சின்னவன் வாசல் பக்கம் பார்த்தான். அந்தக் குடும்பத்தில் மூச்சு வாங்குவது அண்ணனின் வேலை.

"இல்ல சார்."

"பொய்," என்றாள் அவள்.

"அவரு வாயால சொல்லணும். மூச்சு வாங்கலங்கறாரு, அளவு ஐம்பது தாண்டல, சுருங்கற சக்தியும் மோசமில்ல. கனம் தூக்க வேணாம்னு எழுதித் தரேன். ஆறு மாசம் கழிச்சுப் பாப்போம். இந்த அளவுலயே வருசக்கணக்கா நிக்கறவங்களும் இருக்காங்க." டாக்டர் எழுந்திருக்கப்போனவர், ஏதோ தோன்றி மறுபடி உட்கார்ந்தார். "நிக்கறவங்க இருக்காங்க, மளமளன்னு ஏறறவங்களும் இருக்காங்க. இவரு எந்த வகைன்னு ஒரு படத்த வச்சுச் சொல்ல முடியாது. பழைய படம் ஏதாவது இருக்கா? போன வருசத்துக்கு இது ஏறியிருந்தா நான் ஆறு மாசமெல்லாம் காத்திருக்க மாட்டேன். இன்னிக்கே சர்ஜன்கிட்டப் பேசிடுவேன்."

பழைய படம் இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது. போன வருடத்து அளவை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். முப்பத்தொன்பது. ஒன்பது மில்லிமீட்டர், ஒரே வருடத்தில். அதன் மேல் மேஸ்திரியின் பெயர். எடுத்துக் காட்டினால் அண்ணனின் நாற்காலி போகும். ஆள் மாறிப் படுத்தவனின் வேலையும் போகலாம். காட்டாவிட்டால் ஆறு மாதம்.

கட்டிலில் படுத்திருந்தவன் ஜெல் ஒட்டிய கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். வேண்டாம் என்று பிடித்தான். அந்தப் பிடியிலும் அவன் விரல் நுனிகள் துடிதுடித்துக்கொண்டிருந்தன. வாசல்படியில் மேஸ்திரி கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் அசைத்துச் சைகை காட்டினார். மூட்டையை அங்கே போடு, இங்கே போடு என்று வருடக்கணக்காகக் காட்டிய அதே சைகை.

அவள் புருஷனின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"இருக்கு சார்," என்றாள். "ஆனா அதுல பேர் தப்பா இருக்கு."

டாக்டர் நிமிர்ந்தார். "தப்பான்னா? யார் பேரு இருக்கு?"

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். அங்கே நின்றவருக்கு, இந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாக, நிஜமாகவே மூச்சு வாங்கியது.